"வீட்டில் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் தம்பி"

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த முறை தேர்வு பற்றியோ கட்டணம் பற்றியோ எழுதவில்லை. கொஞ்சம் நீளமான கடிதம்தான், முழுவதும் படித்துவிடுங்கள்.

சென்ற மாதம் நம் பள்ளியில் படித்து முடித்த ஒரு மாணவன் என்னைப் பார்க்க வந்தான். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும் என்றான். எனக்கும் சந்தோஷம்தான். எந்த நிறுவனம் என்று கேட்டதும் போனை நீட்டினான். டெலிகிராமில் வந்த விளம்பரம். டேட்டா என்ட்ரி வேலை, டைப்பிங் தெரிந்தால் போதும். நேர்முகத் தேர்வு பத்து நிமிட வாட்ஸ்அப் அழைப்பிலேயே முடிந்துவிட்டதாம். டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. முதலில் சுற்றுலா விசாவில் வந்துவிடு, அப்புறம் வேலை விசாவாக மாற்றித் தருகிறோம் என்றிருந்தார்கள். படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசி வரியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்: "வீட்டில் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் தம்பி. ஆர்டர் கைக்கு வந்ததும் சொல்லி அசத்தலாம்."

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆள்கடத்தல் என்றால் வாயைப் பொத்தி வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பல நேரங்களில் பிள்ளை தானே பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறது. 2000-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட, ஆள்கடத்தலைத் தடுப்பதற்கான பலேர்மோ நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தத்தின்படி, சுரண்டுவதற்காக ஏமாற்றி அழைத்துப்போவதும் ஆள்கடத்தல்தான். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால், ஏமாற்றியதாகவோ மிரட்டியதாகவோ நிரூபிக்கக்கூடத் தேவையில்லை. "அவனே சம்மதித்துத்தானே வந்தான்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

முன்பெல்லாம் ஏஜென்ட் நேரில் வர வேண்டும். நாலு பேர் அவன் முகத்தைப் பார்ப்பார்கள், யார் எவர் என்று விசாரிப்பார்கள். இப்போது அவன் எங்கோ உட்கார்ந்து, பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்படி போடும் பதிவுகளைப் படித்தாலே போதும். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பெண் குழந்தை "என்னை யாருக்குமே புரியவில்லை" என்று ஸ்டேட்டஸ் போட்டால், "எனக்குப் புரிகிறது" என்று பதில் எழுத அவன் விழித்திருக்கிறான். சில வாரங்கள் ஆறுதல், அப்புறம் காதல், அப்புறம் ஒரு படம் கேட்பான். படம் கைக்குப் போன நாளிலிருந்து மிரட்டல். "உன் அப்பாவுக்கு அனுப்பவா?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பிள்ளையை எங்கே வேண்டுமானாலும் வரவழைக்கிறான்.

வேலை விளம்பரத்தை நம்பிப் போகிறவர்களின் கதை வேறு மாதிரி. விமானத்தில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, எல்லை தாண்டி ஒரு முகாமில் அடைத்துவிடுகிறார்கள். பொய்ப் பெயரில், பொய்ப் படத்தோடு, முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்க சாட் செய்து பணம் கறக்க வேண்டும். டார்கெட் முடிக்காவிட்டால் அடி, பட்டினி. வீட்டுக்கு விடக் கேட்டால் பணயத் தொகை. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் கணக்குச் சொன்னது. சிக்கியவர்களில் பலர் நன்கு படித்தவர்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள். நமக்கு வரும் மோசடிச் செய்தியை டைப் செய்கிற விரல்கள்கூட அடைபட்ட ஒரு பிள்ளையுடையதாக இருக்கலாம் என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இதை எதிர்த்துப் போராடுகிறவர்களும் அதே தொழில்நுட்பத்தைத்தான் கையில் எடுத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் பேராசிரியர் ஹானி ஃபரீதும் சேர்ந்து 2009-இல் உருவாக்கிய ஃபோட்டோ டிஎன்ஏ, குழந்தைகளைச் சீரழிக்கும் படம் ஒருமுறை அடையாளம் காணப்பட்டால், அது திரும்ப எங்கே ஏற்றப்பட்டாலும் கண்டுபிடிக்க உதவுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் 2017 முதல் செய்துவரும் வேலை என் மனதைத் தொட்டது. அப்படிப்பட்ட படங்களிலிருந்து குழந்தையை நீக்கிவிட்டு, பின்னால் கிடக்கும் ஒரு பையையோ, ஒரு பாட்டிலையோ மட்டும் வெளியிட்டு, "இது எந்த ஊர்ப் பொருள்?" என்று பொதுமக்களிடம் கேட்கிறார்கள். யாரோ ஒருவர் அடையாளம் சொல்ல, அதைப் பிடித்துக்கொண்டு குழந்தையிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மிரட்டப்படும் பிள்ளைகளுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது, பெயரும் சொல்ல வேண்டாம். கைரேகை மாதிரி அந்தப் படத்துக்கென்று போனிலேயே உருவாகும் ஒரு எண் அடையாளம் மட்டும் போகும், அதை வைத்துப் பல சமூக ஊடக நிறுவனங்கள் தங்கள் தளத்தில் அந்தப் படத்தைத் தேடி நீக்குகின்றன.

ஆனால் பிள்ளை வாயைத் திறந்தால்தானே இதில் எதுவும் நடக்கும்? என்னிடமும் ஒரு குற்றம் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் வேறொரு பள்ளியில் ஒரு மாணவி, யாரோ தொந்தரவு செய்வதாக என்னிடம் போனைக் காட்டினாள். நான் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டேன். அதன் பிறகு அவள் என்னிடம் எதையும் சொன்னதில்லை. அந்த ஆள் அவளை விட்டானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் திட்டாதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். சொன்னதற்கே தண்டனை கிடைத்தால் அடுத்த முறை பிள்ளை அந்த ஏமாற்றுக்காரனிடம்தான் போய் நிற்கும். எதையும் அழிக்க வேண்டாம். செய்தி, எண், கணக்கின் பெயர் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பான். நீங்களே அவனைக் கூப்பிட்டுச் சண்டை போடவும் வேண்டாம், கணக்கை மூடிவிட்டு ஓடிவிடுவான். நேராக சைபர் கிரைம் போலீசுக்கோ குழந்தைகள் உதவி எண்ணுக்கோ போங்கள். கூட வர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அந்த மாணவன் என் அறையிலிருந்தே அவன் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான். பிறகு அந்த ஏஜென்டிடம் வேலை ஒப்பந்தமும் நிறுவனத்தின் முகவரியும் கேட்டு எழுதினான். அரை மணி நேரத்தில் இவனை பிளாக் செய்துவிட்டார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பள்ளி அரங்கில் இதைப் பற்றிப் பேசக் கூடுகிறோம். போனில் எதையெல்லாம் மாற்றி வைக்க வேண்டும் என்பதை அங்கேயே செய்து காட்டுகிறோம். உங்கள் போனோடு வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்