வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனவர்

அன்பு நண்பா,

நேற்று இரவு உன் மின்னஞ்சல் கிடைத்தது. சாட்ஸ்வொர்த்தில் ஆடிக் கூழ் நல்லபடியாக நடந்தது என்று படித்ததில் நிம்மதி. தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த தடவை மறக்காமல் எழுது. இங்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் காலைக் குளிர் இன்னும் விடவில்லை, மற்றபடி எல்லாரும் சுகம்.

உன் வீட்டு வளாகத்தில் நீ வாடகைக்கு விட்ட அவுட்பில்டிங் (தனிச் சிறு வீடு) விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியிலிருந்து ஜனவரி வரை லீஸ் (வாடகை ஒப்பந்தம்), மாதம் 4,500 ரேண்ட். ஜூன், ஜூலை வாடகை வரவில்லை. ஆகஸ்ட் 2ஆம் தேதி பார்த்தால் வீடு காலி, சாவி லெட்டர் பாக்ஸில். பாக்கி 9,000 போக, ஜனவரி வரைக்கும் ஆறு மாதத்துக்கு 27,000 கேட்டு வழக்குப் போடுகிறேன் என்கிறாய். உன் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த 27,000 நிற்காது. ஆள் போய்விட்டால் வேறு ஆளை வைக்க வீட்டுக்காரர் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு ஆறு மாத வாடகை கேட்டால், "நீங்கள் என்ன முயற்சி செய்தீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். நம் தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவும் உண்டு. 20 வேலை நாள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வாடகைக்காரர் நடுவில் வெளியேறலாம், நீ நியாயமான ஒரு ரத்துக் கட்டணம் மட்டுமே கேட்கலாம் என்கிறது அது. ஒரே ஒரு அவுட்பில்டிங் விடும் உன்னைப் போன்றவருக்கு அது பொருந்துமா என்பதில் வக்கீல்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. பொருந்தும் என்று வைத்தே கணக்குப் போடு. அப்போது எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும் உன் தொகை ஆடாது.

உனக்குச் சாதகமான இடம் 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டம், 5ஆம் பிரிவு. சொல்லாமல் போனவரின் லீஸ், அவர் போய்விட்டார் என்று நீ தெரிந்துகொண்ட நாளிலேயே முடிந்ததாகக் கருதப்படும். அவர் ஒப்பந்தத்தை மீறியதால் உனக்கு வந்த உரிமைகளோ அப்படியே இருக்கும். அதனால் ஆகஸ்ட் 2 என்ற தேதிதான் உன் வழக்குக்கு ஆணிவேர். லெட்டர் பாக்ஸில் கிடந்த சாவியைப் படம் எடுத்தாயா? இல்லையென்றால், அன்று காலை பார்த்த பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள். உள்ளே சாமான் ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடாதே. பட்டியல் எழுதி, படம் எடுத்து, ஒரு மூலையில் பத்திரமாக வை.

அடுத்த வேலைக்கு நாள் கணக்கு இருக்கிறது. இன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில், "வீட்டைச் சேர்ந்து பார்வையிட வரவும்" என்று நாளும் நேரமும் போட்டு அனுப்பு. பதில் வராவிட்டால், லீஸ் முடிந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் நீயே பார்வையிட வேண்டும். ஆகஸ்ட் 9 பெண்கள் தின விடுமுறை, அதுவரை இழுக்காமல் முன்னாலேயே முடித்துவிடு. பார்க்கும்போது கிச்சன் சுவரில் இருக்கும் சப்மீட்டரை (அந்த வீட்டுக்கான தனிக் கரண்ட் மீட்டர்), எண்கள் தெளிவாகத் தெரியும்படி கிட்டப்போய்ப் படம் எடு. குடி வந்த நாளில் குறித்த எண்ணும் இந்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கரண்ட் பாக்கி 1,150 ரேண்ட் என்பது நிற்கும்.

கதவு விரிசலையும் பெயின்டையும் விட்டுவிடு என்பது என் எண்ணம். குடி வரும்போது இருவரும் சேர்ந்து பார்வையிடவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அதைச் செய்யாத வீட்டுக்காரர், வீடு நல்ல நிலையில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பழுது என்று பேச ஆரம்பித்தால் வாடகைப் பேச்சும் கலங்கிப்போகும்.

டெபாசிட் 4,500ஐ உன் சொந்தக் கணக்கிலேயே வைத்திருந்தது தப்பு. அதை வட்டி வரும் கணக்கில் போட்டிருக்க வேண்டும். இப்போது சேமிப்புக் கணக்கு வட்டி வீதத்தை பேங்கில் கேட்டு, அவருக்கு உரியதை நீயே கணக்கில் சேர்த்துக் காட்டு. சுமார் 120 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 1ஆம் தேதி புது ஆள் குடி வந்தால் கணக்கு இப்படி வரும்: பாக்கி 9,000, காலியாகக் கிடந்த ஆகஸ்டுக்கு 4,500, கரண்ட் 1,150, ஆக 14,650. அதில் டெபாசிட்டும் வட்டியும் 4,620 போனால் மிச்சம் 10,030 ரேண்ட். கேட்க வேண்டியது இவ்வளவுதான். இந்தக் கணக்கை அவருக்கும் எழுத்தில் அனுப்பு. வீடு காலி என்று போட்ட விளம்பரம், பார்க்க வந்தவர்களின் செய்திகள் எல்லாம் உன் முயற்சிக்குச் சாட்சி, ஒன்றையும் அழிக்காதே.

10,030 என்பதால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டே போதும். அங்கே 20,000 ரேண்ட் வரை கேட்கலாம், வக்கீல் வர முடியாது. வீடு இருப்பதும் லீஸ் கையெழுத்தானதும் சாட்ஸ்வொர்த் என்பதால் உன் பகுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருக்கும் கிளார்க்கையே பார்க்கலாம். போவதற்கு முன் தொகை கேட்டு ஒரு கடிதம் கொடுத்து, அது அவர் கைக்குக் கிடைத்து 14 நாள் ஆகியிருக்க வேண்டும். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி ரசீதை வை, இல்லை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கு. திட்டி எழுதாதே. "இந்த முகவரி வீட்டுக்கு ஜூன், ஜூலை வாடகையும், அறிவிப்பின்றி வெளியேறியதால் ஆகஸ்ட் மாத நஷ்டமும், கரண்ட் பாக்கியும், டெபாசிட்டும் வட்டியும் கழித்து மொத்தம் 10,030 ரேண்ட். 14 நாளுக்குள் செலுத்தாவிட்டால் வழக்குத் தொடருவேன்" என்றால் போதும். புது ஆள் வந்து தொகை உறுதியான பிறகு ஒரே கடிதமாக அனுப்பு. இன்று ஒரு தொகை, அடுத்த மாதம் ஒரு தொகை என்றால் அங்கே வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் கமிஷனருக்கு உன் கணக்கின் மேலேயே சந்தேகம் வரும். வாடகைக் கடனுக்கு மூன்று வருடக் கெடு, அதனால் ஒரு மாதம் பொறுப்பதில் நஷ்டமில்லை.

இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது முகவரியில்தான். சம்மனை நீயே அவர் கையில் கொடுக்கலாம், கோர்ட் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அதிகாரியான ஷெரிஃப் மூலமும் கொடுக்கலாம். ஷெரிஃபுக்குக் கட்டணம் உண்டு. ஆள் எங்கே என்று தெரியாவிட்டால் இரண்டும் நடக்காது. லீஸ் பேப்பரில் அவசரத் தொடர்புக்கு எழுதிய உறவினர், வேலை பார்க்கும் இடம், சம்பள ரசீது நகல் எல்லாவற்றையும் இப்போதே தேடி எடு. உன் தம்பி மகன் அவர் படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்கிறான் அல்லவா, கண்டிப்பாக வேண்டாம். மானநஷ்டம் என்று அவர் திருப்பி வழக்குப் போட்டால் உன் 10,030 அதிலேயே கரைந்துவிடும்.

அவர் தவணையில் தருகிறேன் என்றால் மறுக்காதே. கடனை ஒப்புக்கொண்டு, மாதம் இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கு. அதில் வட்டியோ கட்டணமோ சேர்க்காதே, சேர்த்தால் கடன் வழங்கும் சட்டத்துக்குள் போய்ச் சிக்கல் ஆகலாம். "மாசக் கடைசியில் தருகிறேன் அங்கிள்" என்று அவர் ஏற்கெனவே அனுப்பிய செய்திகளும் ஒப்புதல்தான். போனை மாற்றுவதற்கு முன் அவற்றைக் காகிதத்தில் பிரின்ட் எடுத்து வை.

சனிக்கிழமை டர்பன் பக்கம் வருகிறேன். லீஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், அந்தச் சப்மீட்டர் படம் மூன்றையும் மேசையில் எடுத்து வை. கடிதத்தை இருவரும் சேர்ந்தே எழுதிவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்