குடிநீர்த் தொட்டித் தூண்களில் கம்பி துருப்பிடிப்பதைத் தடுக்கக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: ஊர்ப் பொதுமக்கள் சார்பாகக் கம்பி கட்டும் தொழிலாளி ஒருவர், பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு உதவி செயற்பொறியாளர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மேல்நிலைத் தொட்டியைத் தாங்கள் அறிவீர்கள். இரண்டு முறை மனு கொடுத்தும் பதில் வரவில்லை.

1. இரண்டு தூண்களில் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது.

2. போன தடவை வந்தவர்கள் துருவைச் சுரண்டாமலே மேலே சிமெண்ட் பூசி வெள்ளையடித்தார்கள். பெங்களூரில் இருபது வருஷம் கம்பி கட்டியவன் நான். துரு, இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். உள்ளே அது உப்பும்போது மேல்பூச்சு நிற்குமா? அடுத்த மழையிலேயே விழுந்துவிட்டது.

3. தூண் தாங்காது என்று தொட்டியைப் பாதிதான் நிரப்புகிறார்கள். மேட்டுத் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் ஏறுவதில்லை. திரும்பவும் போர் தண்ணீர்தான். நம் மாவட்டத்துப் போர் தண்ணீரைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல்லில் கறை ஏற்றும் ஃப்ளோரைடு உப்பு அதில் அதிகம். அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. கறை படிந்த பல்லோடு வளர்ந்தவன் நான். 2013இல் ஒகேனக்கல் திட்டம் வந்தபோது, இனி பிள்ளைகளுக்கு இது வராது என்று நம்பினோம். என் பேத்திக்கு இப்போது மூன்று வயது. நிலைப்பற்கள் ஈறுக்குள்ளே உருவாகும் வயது, ஐயா. இந்த வருஷங்கள் போய்விட்டால் அப்புறம் எவ்வளவு நல்ல தண்ணீர் கொடுத்தாலும் அந்தக் கறை போகாது. தண்ணீர் ஊர் வரைக்கும் வந்துவிட்டது, ஏற்றி வைக்கத்தான் தெம்புள்ள தொட்டி இல்லை!

4. புதுத் தொட்டி கேட்கவில்லை. கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, இளைத்த கம்பியோடு புதுக்கம்பி சேர்த்து, கால்சியம் நைட்ரைட் கலந்த கலவையால் நிரப்புங்கள். கம்பியைக் காக்கும் மெல்லிய படலத்தை அது நிலைக்க வைக்கும். இன்னும் பெயராத இடங்களுக்கு, மேலே தடவினால் உள்ளே ஊறித் துருவைத் தடுக்கும் அமினோ வகை மருந்து இருக்கிறது. கொத்தாமல் மருந்தை மட்டும் தடவிவிட்டுப் போனால் பழைய கதைதான். தண்ணீர் படும் உள்பக்கத்துக்கு எது ஆகும் என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

5. 'பரிசீலனையில் உள்ளது' என்கிறார்கள். சரி, துருவுக்கு அது தெரியுமா?

தயவுசெய்து ஒருமுறை நேரில் வாருங்கள், ஐயா. மழைக்கு முன்னால் வாருங்கள். நாளைச் சொன்னால் ஏணியோடும் சுத்தியலோடும் தூணடியில் நிற்கிறேன், தட்டிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள் சார்பாக