1970 ஸ்டாண்டர்டு ஹெரால்டு: கேட்லாக் விவரம் பொய், ஆவணம் தவறு. பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
பழைய கார்கள் ஏலப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் ஏலத்தில் நான் எடுத்த 1970 ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பற்றிப் போனில் சொன்ன புகாரையெல்லாம் விசாரிக்காமலே "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி அனுப்பி மூடிவிட்டீர்கள். ஆகவே இதை எழுத்தில் தருகிறேன். லாட் (ஏலப் பொருள்) விவரம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. ஏலத் தொகை 2,85,000 ரூபாய், உங்கள் 10 சதவீதக் கமிஷன் 28,500, கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 5,130. ஆக 3,18,630 ரூபாயும் கெடுவுக்குள் கட்டியாகிவிட்டது. என் பக்கம் ஒரு பைசா பாக்கியில்லை.

கேட்லாக்கில் நீங்கள் போட்டது: "சேஸி உறுதி, எஞ்சின் ஓடும் நிலை, ஆவணங்கள் சரி, ரெஸ்டோரேஷனுக்கு ஏற்றது." இதில் ஒன்றுகூட உண்மையில்லை.

முதலில் சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம். ஹெரால்டு அம்பாசடர் மாதிரி பாடியும் அடிச்சட்டமும் ஒன்றான மோனோகாக் வண்டி இல்லை. தனிச் சேஸி, அதன்மேல் பாடி போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர்கள்தான் பாடியைத் தாங்குகின்றன. பழைய கார் ஏலம் விடுகிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. உங்கள் படங்களில் அடிப்பகுதி முழுக்கப் புதுக் கறுப்பு அண்டர்கோட்டிங். அதைச் சுரண்டினால் கீழே பட்டி (ஓட்டையை மறைக்கும் பசை), காந்தம் ஒட்டவில்லை. பட்டியைப் பெயர்த்தால் அவுட்ரிகர் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பொடியும், யாரோ வெல்டு வைத்த ஆங்கிள் இரும்பும். பின்பக்கம் டிஃபரென்ஷியல் மவுண்ட் பக்கத்தில், சேஸியின் நீளவாட்டுச் சட்டமான மெயின் ரெயிலில் ஸ்க்ரூடிரைவர் குத்தினால் உள்ளே இறங்குகிறது. இதை மறைக்கத்தான் அந்தப் பூச்சு. வேறெதற்கு, ஏலத்துக்கு நிற்கிற வண்டிக்குப் புது அண்டர்கோட்டிங்?

இதைச் சரிசெய்வது ஒரு நாள் வெல்டிங் வேலை அல்ல. பாடியை மேலே வைத்தபடியே அவுட்ரிகரை வெட்டினால் கதவு இடைவெளி கெட்டுவிடும், பிறகு எந்தக் கதவும் சரியாகச் சாத்தாது. கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே பிரேஸ் (தாங்கு கம்பி) வைத்து, பாடியைத் தூக்கி, சேஸியை ஜிக்கில் (அளவு பிசகாமல் பிடிக்கும் சட்டத்தில்) ஏற்றி அளவு பார்த்த பிறகே புதுத் துண்டை வெல்டு செய்ய வேண்டும். அவுட்ரிகர் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும், அதற்குச் சுங்க வரி வேறு.

ரெஸ்டோரேஷன் வண்டிக்கு, அதாவது பழைய நிலைக்குப் புதுப்பிக்க எடுக்கும் வண்டிக்கு, விலை எப்படிப் போடுவார்கள் என்பது உங்கள் மதிப்பீட்டாளருக்குத் தெரியும். முடித்த வண்டி என்ன விலை போகுமோ அதிலிருந்து டிங்கரிங், பெயின்ட், எஞ்சின், குரோம், சீட், ரப்பர் செலவைக் கழித்தால் மிச்சம்தான் ஏலம் கேட்கும் தொகை. சேஸி நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை நம்பி அந்தச் செலவைக் கழிக்கவில்லை. சேஸி போன ஹெரால்டு என்று எழுதியிருந்தால் இது உதிரிபாகத்துக்கு உடைக்கிற வண்டி. 2,85,000க்கு யாரும் கை தூக்கியிருக்க மாட்டார்கள்.

"பாத்துதான சார் எடுத்தீங்க?" உங்கள் சேவை மையத்தில் பேசிய நபர் கேட்ட கேள்வி இது. பார்வை நாளில் ஜாக்கி வைக்க விடவில்லை. எஞ்சினை ஸ்டார்ட் செய்ய விடவில்லை. பானெட்டைத் திறந்து காட்டினீர்கள், அவ்வளவுதான். எதைப் பார்த்து எடுப்பது? அதே நபர் அடுத்துச் சொன்னது: "ஸ்கிராப்ப எடுத்துட்டு ஷோரூம் வண்டி கேக்குறீங்களா?" அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று நீங்களே அறிவிக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பதிவைப் போட்டுக் கேளுங்கள்.

வண்டி எடுக்கச் சனிக்கிழமை வரச் சொன்னதும் அவர்தான். லாரி வந்து நின்ற பிறகு "ரிலீஸ் ஆர்டர் சிஸ்டத்துல ஏறல" என்று யார்டு கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நாள் முழுக்க லாரி நின்றது, வெயிட்டிங் சார்ஜ் என் தலையில். திங்களன்று வண்டியை விடும்போது அந்த இரண்டு நாளுக்கும் யார்டு வாடகை போட்டு ரசீது கொடுத்தீர்கள். உங்கள் தவறுக்கு என்னிடம் வாடகை! இதற்கு ஒரு வார்த்தை வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

எஞ்சின். 948 சிசி எஞ்சினில் கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் (எஞ்சினின் சுழல் தண்டு) முன்னால் தள்ளப்படும். பின் மெயின் பேரிங்கில் உள்ள இரண்டு அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள்தான் அதைத் தாங்கும். முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கலாம். இதில் 1.6 மி.மீ. கிளட்ச் மிதித்தால் முன் புல்லி நகர்வது கண்ணுக்கே தெரிகிறது. சம்ப்பை (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டியை) கழற்றினால் ஒரு வாஷர் அடியில் கிடக்கிறது, கிராங்க் பிளாக்கையே அரைத்திருக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் ஊற்றி அரை நிமிடம் ஓடவிட்டு எடுத்த வீடியோவுக்குப் பெயர் "ஓடும் நிலை"யா? முன் சக்கரம் திரும்பும் மூட்டான ட்ரன்னியனில் இ.பி. 90 கியர் ஆயில் போக வேண்டிய இடத்தில் கிரீஸ். இப்படி ஓட்டினால் சக்கரத்தைத் தாங்கும் வெர்ட்டிகல் லிங்க் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஆளே போயிருப்பார்.

ஆவணம் இன்னும் மோசம். பெயர் மாற்றத்துக்கு நீங்கள் கொடுத்தது படிவம் 32. மத்திய மோட்டார் வாகன விதி 57இன்படி அது அரசு நடத்தும் அல்லது அரசுக்காக நடத்தப்படும் ஏலத்துக்கு. உங்களுடையது தனியார் ஏலம், விற்பவர் கையெழுத்துடன் படிவம் 29, 30 வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் வேறு வேறு. 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021 விதிகளின்கீழ் விண்டேஜ் வண்டிக்கான 'விஏ' வரிசைப் பதிவெண் வாங்கலாம். ஆனால் சேஸியோ பாடியோ எஞ்சினோ மாற்றப்பட்டிருக்கக் கூடாது. ஆங்கிள் இரும்பு வைத்த சேஸியையும் வேறு எஞ்சினையும் அதை ஆய்வு செய்யும் குழுவின் முன்னால் எப்படி நிறுத்துவது?

"உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனையைக் காட்டித் தப்பிக்க முடியாது. வாங்குபவருக்குத் தெரியாத குறைக்கு அது பேசலாம், நீங்களே எழுதிய பொய்க்கு அல்ல.

நல்ல முறையிலேயே கேட்கிறேன்: வண்டியை உங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொண்டு 3,18,630 ரூபாயும், லாரிச் செலவும், யார்டு வாடகையும் 15 நாட்களுக்குள் தாருங்கள். வேறு தீர்வு இருந்தால் மேலாளர் கையெழுத்துடன் எழுத்தில் சொல்லுங்கள், பேசத் தயார். அந்த நபரை மட்டும் மறுபடி பேச வைக்காதீர்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்து, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் அங்கே கட்டணமும் கிடையாது. அளவெடுத்த படங்கள், ரசீதுகள், உங்கள் கேட்லாக் பக்கம் எல்லாம் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஏலத்தில் எடுத்தவர்

பி.கு.: கேட்லாக் படத்தில் நான்கு வீல் கப் இருந்தன, வண்டியில் இரண்டுதான் வந்தன. டிக்கி சாவியும் தரவில்லை. வண்டியை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளும் முடிவு வரும்வரை மீதி இரண்டு கப்பையும் சாவியையும் யார்டிலேயே பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.