விரலில் மாட்டும் கருவியும் நம் தோலின் நிறமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2021ல் சிங்கப்பூரில் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை விழுக்காட்டில் காட்டும் ஆக்சிமீட்டரை எங்கள் புளோக்கில் பலர் இன்னும் தைல பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்கினால் பெரியவர்கள் விரலை அதில் மாட்டிப் பார்க்கிறார்கள். 95 வந்தால், சரி, ஒன்றுமில்லை என்று படுத்துவிடுகிறார்கள். எனக்குக் கவலை அதில்தான். நான் பணி ஓய்வு பெற்ற தாதி. நல்ல கறுப்பு நிறம்.

அந்தக் கருவி ரத்தத்தை நேரடியாகச் சோதிப்பதில்லை. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று கணக்குப் போடுகிறது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970களில் கண்டுபிடித்த அருமையான வழி அது. ஆனால் ஒளி முதலில் தோலைக் கடக்க வேண்டும், தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தக் கணக்கோ, சிலரைக் குறைந்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து, அவர்களின் ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டு உருவாக்கியது. யார் அந்தச் சிலர்? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டியின்படி 10 பேரைச் சோதித்தால் அதில் கறுத்த தோலுள்ளவர் 2 பேர் இருந்தால் போதும்.

விளைவு 2020ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தெரிந்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தத்தில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு.

ஆக்சிஜன் குறைந்தால் உதடும் நகமும் நீலம் பாய்கிறதா என்று பார்ப்பதுதான் தாதியர் கற்கும் பாடம். கறுத்த தோலில் அது சுலபமாகத் தெரியாது. நாக்கையும் உள்ளுதட்டையும் கீழ் இமையின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட வந்த கருவியும் அதே தோலில்தான் தடுமாறுகிறது. எனக்கு இது வேதனையாக இருக்கிறது.

அடையாள அட்டையில் 'இந்தியர்' என்று இருப்பதும் இதற்கு உதவாது. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை நிறங்கள்! 2025 ஜனவரியில் அதே அமெரிக்க நிர்வாகம் வெளியிட்ட புதிய வழிகாட்டி வரைவு, 150 பேருக்குக் குறையாமல், தோலின் நிறத்தையே அளந்து சோதிக்கச் சொல்கிறது. இங்கே விற்கும் கருவிகளின் பெட்டியிலும் எந்தெந்த நிறத்தவரிடம் சோதித்தார்கள் என்று போட வேண்டும்.

பலதுறை மருந்தகங்களில் தமிழிலும் இதை எழுதி வைத்தால் நல்லது: உடம்பு நன்றாக இருக்கும்போது உங்கள் விரலில் என்ன எண் வருகிறது என்று தெரிந்துவைத்திருங்கள், அதிலிருந்து இறங்குகிறதா என்று பாருங்கள், மூச்சுத் திணறலோ மனக்குழப்பமோ இருந்தால், திரையில் 96 என்றே இருந்தாலும் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
ஈசூன்