சும்மா நிற்பவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன இதழில் தொட்டி சுத்தம் செய்யும் வேலையைப் பற்றி வந்த கட்டுரையில், ‘உள்ளே நான்கு பேர் உழைக்க, வாசலில் ஒருவர் சும்மா நிற்கிறார்’ என்று ஒரு வரி. பதினோரு வருஷமாக அப்படிச் சும்மா நிற்கிறவன் நான். தொட்டிக்குள் இறங்கினவர்களை வாசலில் நின்று கவனிக்கிற ஆளை ஹோல் வாட்ச் என்பார்கள், வெல்டிங் நடந்தால் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் ஃபயர் வாட்ச். உங்களுக்குத் தெரியாததா?

உள்ளே போனவர்களைப் பேர் பேராக எழுதி வைப்பது, மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் எல்லாரையும் வெளியே வரச் சொல்வது, இதெல்லாம் சுலபம். ஆள் விழுந்தால் உள்ளே குதிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். தொட்டி மாதிரி மூடிய இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-லேயே எழுதி வைத்திருக்கிறது.

எனக்கே நடந்தது. நைட்ரஜன் வாயு மிச்சமிருந்த வெசலில், அதாவது பெரிய மூடிய தொட்டியில், கூட வேலை பார்த்தவர் பேசிக்கொண்டே சரிந்தார். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, மூச்சும் முட்டாது, ஆள் அப்படியே விழுவார். இன்னொருவர் இறங்கப் போனார். அவர் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால், விழுந்தவரைக் கயிற்றோடு மேலே இழுக்கும் வின்ச்சைச் சுற்றினேன். விழுந்தவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் கேன்டீனில் என்ன பேச்சு தெரியுமா? ‘இவன் பயந்துபோய் வெளியிலேயே நின்னுட்டான்.’

வெல்டர் டார்ச்சை அணைத்துவிட்டுப் போன பிறகும் நாங்கள் குறைந்தது அரை மணி நேரம் நிற்க வேண்டும், இப்போது என்எஃப்பிஏ என்கிற அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதியில் ஒரு மணி நேரம். எங்காவது இடுக்கில் விழுந்த பொறி அதற்குள் புகைய ஆரம்பிக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் சூப்பர்வைசர் வந்து, சும்மாதானே நிற்கிறாய், போய் கேபிளைச் சுருட்டு என்பார். அவரும் உங்கள் வாசகர்தான் போலிருக்கிறது.

பாதுகாப்பு வாரச் சிறப்பிதழ் ஒன்று போட்டீர்களே, அட்டையில் தீப்பொறி பறக்க வெல்டர் ஜம்மென்று இருந்தார். பக்கத்தில் தீயணைப்பானோடு நின்றவரின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. படத்தை இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம், முழங்கையும் போயிருக்கும்.

சரி. வருத்தமெல்லாம் தெரிவிக்க வேண்டாம். இணையத்தில் உள்ள கட்டுரையில் அந்தச் ‘சும்மா’வை மட்டும் எடுத்துவிடுங்கள். ‘வாசலில் ஒருவர் நிற்கிறார்’, அது போதும்.

இப்படிக்கு,
ஒரு ஹோல் வாட்ச்