கட்டைவிரல் கணக்கு

கிள்ளான், மலேசியா
ஞாயிறு இரவு

டேய் சேகர்,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். முனியாண்டி மகள் கல்யாணத்துக்கு வருவேன், மொய்யும் எழுதுவேன் என்று அவனிடம் சொல்லிவிடு. சரி, விஷயம் இதுதான்: பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்ப்பார்களே, அந்தப் பௌலிங்குக்குச் சொந்தமாகப் பந்து வாங்கிவிட்டேன்.

சிரிக்காதே. 14 பவுண்டு, கருநீலம், மேலோடு ரியாக்டிவ் ரெசின் என்ற பிசின். பெட்டியைத் திறந்தால் பூசணிக்காய் மாதிரி முழுசாக உட்கார்ந்திருக்கிறது, ஒரு ஓட்டைகூட இல்லை. நம் கைக்கு அளந்து நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் போன கடையில் ஒரு பையன் கையை நீட்டச் சொன்னான், அளந்தான், பத்தே நிமிஷத்தில் துளைத்துக் கொடுத்துவிட்டான். மூன்றாவது ஆட்டத்தில் கட்டைவிரல் தோல் உரிந்துவிட்டது. ஒரு வாரம் சோறு பிசைய முடியவில்லை. கமலா கரண்டியைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அப்புறம் ஒரு சீன அங்கிளிடம் போனேன். அவர் பந்தைத் தொடவே இல்லை. "போய் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு வா" என்றார். ஏசியில் விரல் சுருங்கிக் கிடக்குமாம், ஆட ஆட வீங்குமாம். கட்டைவிரல் ஓட்டைக்கும் மற்ற விரல் ஓட்டைக்கும் உள்ள தூரம்தான் ஸ்பேன்; அதை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் தனித்தனியாக அளந்தார். விரல் முதல் கணுவரை மட்டும் நுழையும் ஃபிங்கர்டிப் பிடியில் அரைக்கால் அங்குலம் தப்பினாலும் கை காட்டிக்கொடுத்துவிடும். என் பந்தில் கால் அங்குலம் அதிகம்! கட்டைவிரல் ஓட்டையோ லொடலொட. ஓட்டை பெரிதாக இருந்தால் விரல் சுலபமாக வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அதுதான் இல்லை. நழுவிவிடுமோ என்று நம்மை அறியாமல் இறுக்கிப் பிடிக்கிறோம், தோல் போகிறது.

பிறகு என் கட்டைவிரலை மெல்லப் பின்னால் வளைத்துப் பார்த்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார், "இது எப்போது உடைந்தது?"

1988. உன் அப்பாவின் கப்சாய் மோட்டார் சைக்கிள். செம்பனைக் காட்டுக்குள் அந்தக் கால்வாய். "பிரேக் இருக்குடா" என்றாயே, பாவி! மரத்திலிருந்து விழுந்தேன் என்று வீட்டில் சொன்னோம். நீ உன் பள்ளிச் சட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டதற்கு உனக்கு விழுந்த அடி தனி. அம்மா கடைசிவரை அந்த மரத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். எனக்கே மறந்துபோனதை முன்பின் தெரியாத ஒரு மனுஷர் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்ததும் என்னவோ போல் ஆகிவிட்டது. அவரிடமும் மரம் என்றுதான் சொன்னேன், பழக்கதோஷம்.

பழைய ஓட்டைகளில் ரெசின் ஊற்றி அடைத்து, ஒரு நாள் இறுகவிட்டு, மறுபடி துளைத்தார். விரல் வளையாததால் கட்டைவிரல் துளை மட்டும் மையத்தைப் பார்க்காமல் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்து போகிறது. விளிம்பை மழுக்கிவிட்டு, உள்ளே டேப் ஒட்டிக் கொடுத்தார். வீங்கினால் ஒன்றை உரிக்க வேண்டும், சுருங்கினால் ஒன்றை ஒட்ட வேண்டும். எடையைச் சமன்செய்ய நாலாவது ஓட்டை ஒன்று போடலாமே என்று மேதாவித்தனமாகக் கேட்டேன். விரல் விட்டுப் பிடிக்காத ஓட்டை 2020 ஆகஸ்ட்டிலிருந்து அமெரிக்க விதிப்படியே செல்லாதாம். வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று ஒரு ஆட்டத்தில் 171 புள்ளி போட்டேன். கட்டைவிரல் சத்தமில்லாமல் கழன்று வருகிறது.

அடைத்துத் துளைத்ததற்கு 180 ரிங்கிட். பாதி உன் கணக்கு. கல்யாணத்துக்கு வரும்போது கொண்டு வா.

உன்,
ரவி