முதியோர் கழிப்பறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உ
சிவமயம்

அன்புடையீர்,

நம் கோயிலின் விமானம், மடைப்பள்ளி, கொடிமர வேலைகளின் நிறைவு அறிக்கை கும்பாபிஷேகத்துக்கு முன்பே உங்களுக்கு வந்து சேர்ந்தது. மதிலுக்கு வெளியே வடமேற்கில், தேர்முட்டிக்குப் பின்புறம் தொடங்கிய முதியோர் கழிப்பறை அப்போது முடிந்திருக்கவில்லை. இப்போது முடிந்து, சோதித்துப் பார்த்து ஒப்பந்தக்காரரிடமிருந்து வாங்கியாயிற்று. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையெழுத்தோடு அலுவலகப் பலகையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். என்ன கட்டியிருக்கிறோம், ஏன் அப்படிக் கட்டியிருக்கிறோம், எதைக் கவனிக்காமல் விட்டால் எது கெடும் என்பவை மட்டும் இங்கே.

“ஏற்கனவே ஒரு கழிப்பறை இருக்கிறதே” என்று பொதுக்குழுவில் கேட்டவர்களுக்கு முதலில் பதில். இருக்கிறது, மூன்று படி ஏற வேண்டும், குந்தி உட்கார வேண்டும், எழுந்திருக்கப் பிடிக்க ஒன்றும் கிடையாது. முழங்கால் தேய்ந்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் அந்தப் பக்கமே போவதில்லை. பிரதோஷத்துக்கு வருவதென்றால் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த நீர் பிரியும் மாத்திரையை அன்றைக்குப் போடாமல் விடுகிறவர்களும் உண்டு. சித்திரை வெயிலில் இது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். சிறுநீர்த் தொற்றுக்கும் வழி. இன்னும் பலர் வருவதையே நிறுத்திக்கொள்கிறார்கள். பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது.

தரைமட்டம்

இந்த வேலையில் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது தரையின் உயரத்தைத்தான். நம் ஊர்ப் பொதுக் கழிப்பறை எல்லாவற்றுக்கும் ஏன் படி இருக்கிறது? இந்தியன் கோப்பைக்கும் அதற்கடியில் உட்காரும் ட்ராப்புக்கும் (நாற்றம் மேலே வராதபடி தண்ணீர் தேங்கி நிற்கும் வளைகுழாய்) ஒன்றரை அடி ஆழம் வேண்டும். அதற்கு மேல், செப்டிக் டேங்க் வரை போகும் 110 மி.மீ. பைப்புக்கு நாற்பதுக்கு ஒன்று என்று வாட்டம் (சரிவு) கொடுத்தால், பத்து மீட்டர் தூரத்தில் 25 செ.மீ. இறங்கியிருக்கும். டெல்டா மண்ணில் டேங்கை ஆழமாக இறக்கினால் ஐப்பசி மழையில் ஊற்று மேலேறிவிடும். ஆகவே கொத்தனார் டேங்கை இறக்காமல் அறையை உயர்த்திவிடுகிறார். படி அப்படி வந்ததுதான்.

புதிய இரண்டு அறைகளிலும் வெஸ்டர்ன் கோப்பை மட்டுமே வைத்திருக்கிறோம். அதுவும் பி-ட்ராப் வகை. இதன் வாய் தரைக்கு மேலேயே பின்சுவர் வழியாக வெளியே போகும். எஸ்-ட்ராப் வாங்கியிருந்தால் தரைக்குள் இறங்கி, மறுபடி உயரம் கேட்டிருக்கும். சுவருக்கு வெளியே உடனே சேம்பர், அதாவது பைப்புகள் வந்து சேரும் மூடி போட்ட சிறு தொட்டி. இதனால் அறைத் தரை மண்மட்டத்திலிருந்து 15 செ.மீ. உயரத்தில் நின்றுவிட்டது. சேம்பர் மூடி அறைத் தரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. மழைக்காலத்தில் லைன் எதிர்த்து வந்தால் தண்ணீர் முதலில் வெளியே பொங்கும், அறைக்குள் வராது. உறிஞ்சுகுழி திருமஞ்சனக் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்கு மேல் தள்ளியே இருக்கிறது.

15 செ.மீ. உயரத்துக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 1.8 மீட்டர் சாய்தளம் போதும். நாங்கள் பதினைந்துக்கு ஒன்றாக 2.25 மீட்டர் கொடுத்தோம். சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவரும் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர். மேலே கதவுக்கு முன் ஒன்றரை மீட்டர் சதுரத்துக்குச் சமதளம். இது இல்லாவிட்டால் கதவைத் திறக்கும்போது நாற்காலி பின்னோக்கி உருளும். தளத்துக்குப் பிரகாரத்தில் மிஞ்சிய கருங்கல்லையே பொளிந்து போட்டிருக்கிறது. பொளிந்த கல் நனைந்தாலும் வழுக்காது. ஆனால் வெறுங்காலுக்கு உச்சிவேளையில் சுடும். வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை, அது ஈரத்தில் வழுக்கும். தென்னைநார் விரிப்பில் சக்கரம் சிக்கும். எனவே சாய்தளத்துக்கு மேலே தகரக் கூரை போட்டாயிற்று.

அறைக்குள்

அறை ஒவ்வொன்றும் 2200-க்கு 2300 மி.மீ.; நாற்காலி ஒரே இடத்தில் முழு வட்டம் திரும்ப 1500 மி.மீ. வேண்டும் என்பதால் வந்த அளவு. கதவின் வழி 900 மி.மீ. இது நிலைக்கு நிலை அளந்தது அல்ல, கதவு திறந்து நிற்கும்போது மிஞ்சும் இடைவெளி. மூன்றடிக் கதவு ஆர்டர் செய்தால் இந்த அளவு கிடைக்காது. கதவின் கனமும் கீலும் இரண்டு அங்குலம் தின்றுவிடும்.

கதவு வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாள், நீளக் கொண்டி வகை. வெளியிலிருந்து காசு நுழைத்துத் திருப்பித் திறக்கலாம். வழக்கமான கம்பித் தாழ்ப்பாள் முடக்குவாத விரலுக்கு நகராது.

அறைகள் ஆண், பெண் என்று பிரிக்கப்படவில்லை. இரண்டுக்கும் வெளியிலிருந்து நேரே வாசல். மனைவியைக் கணவரும், அப்பாவை மகளும் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. பெண்கள் பகுதிக்குள் கணவர் எப்படிப் போவார்? கிழக்கு அறையில் கோப்பையின் இடப்பக்கமும், மேற்கு அறையில் வலப்பக்கமும் 900 மி.மீ. காலியாக விட்டிருக்கிறோம். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர் எந்தப் பக்கம் கம்பி பிடிக்க முடியுமோ அந்த அறைக்குப் போகலாம். எது எந்த அறை என்பதைக் கதவில் படமாக வரைந்திருக்கிறது.

கோப்பையின் இருக்கை உயரம் 460 மி.மீ. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 400-ஐ ஒட்டி இருக்கும். அந்த இரண்டரை அங்குலம்தான் முழங்கால் வலிக்காரர் எழுவதா மாட்டிக்கொள்வதா என்பதைத் தீர்மானிக்கிறது. குட்டைக் கோப்பையைக் கல்திண்டின்மேல் தூக்கி வைப்பது மலிவு. ஆனால் திண்டு அடிப்பாகத்தைவிட அகலமாகிவிட்டால் நாற்காலியின் கால்பலகை முட்டி, பக்கத்தில் ஒட்டி நிறுத்த முடியாது. ஆகவே உயரக் கோப்பையாகவே வாங்கினோம். அதன் நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து 450 மி.மீ.; இதைவிடத் தள்ளிப்போனால் சுவர்க் கம்பி கைக்கு எட்டாது.

கைப்பிடிக் கம்பி 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 38 மி.மீ. விட்டம், சுவருக்கும் கம்பிக்கும் 50 மி.மீ. இடைவெளி. இடைவெளி கூடினால் முழங்கை உள்ளே நழுவிச் சிக்கும். பக்கச் சுவரில் ‘ட’ போல ஒன்று: படுக்கைக் கம்பி தரையிலிருந்து 700 மி.மீ., நிற்கும் கம்பி கோப்பையின் முன் விளிம்புக்குச் சற்று முன்னால். படுக்கைக் கம்பி உட்கார, நிற்கும் கம்பி எழ. நாற்காலி வரும் பக்கம் மேலே மடக்கும் கம்பி.

பொதுக் கழிப்பறைகளில் இந்தக் கம்பி ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பியில் கோளாறு இல்லை, சுவரில்தான். நான்கங்குல ஹாலோ பிளாக்கில் பிளாஸ்டிக் பிளக் அடித்துத் திருகினால் வெற்றிடத்தில்தான் பிடிக்கும். எழும்போது ஆள் முன்னோக்கி இழுக்க, பிளக்கோடு வந்துவிடும். நம் அறைகளில் கம்பி வரும் இரு சுவரும் ஒன்பதங்குலச் செங்கல். மடக்குக் கம்பிக்குச் சுவரை ஊடுருவிய போல்ட், மறுபக்கம் இரும்புத் தகடு. ஒப்படைப்பின்போது ஒவ்வொரு கம்பியிலும் இருவரைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். மேற்கு அறையில் ஒரு தட்டு அசைந்தது. பின்னால் டைல்ஸ் கலவை பிடிக்காமல் பொள்ளலாக இருந்தது. பெயர்த்து, நிரப்பி, மறுபடி பொருத்திய பிறகே கையெழுத்து.

தண்ணீர்

ஹெல்த் ஃபாசெட் (கழுவ நீர் பீய்ச்சும் கைக்குழாய்) உட்கார்ந்தவரின் வலக்கைப் பக்கம், கழுவுவது இடக்கை. மேற்கு அறையில் அந்தப் பக்கம்தான் நாற்காலி வரும் பக்கம். எனவே அங்கே கொக்கி பின்சுவரில், ஃபிளஷ் டேங்குக்குப் பக்கத்தில். கம்பியோடு குழாய் சுற்றிக்கொள்ளாதபடி ஒரு மீட்டர் நீளமே விட்டிருக்கிறது. மேல்தொட்டி உயரத்தால் பீய்ச்சல் கடுமையாக இருந்ததால் அதற்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக்கைப் பாதிக்குத் திருகி, அதன் திருகுபிடியைக் கழற்றிவிட்டோம். ஃபாசெட் பழகாத பெரியவர்களுக்காகக் கை எட்டும் உயரத்தில் ஒரு குழாய், மக் வைக்கத் திண்டு. வாளி கிடையாது. தரையில் வாளி இருந்தால் குனிய வேண்டும், நாற்காலி திரும்பாது.

தரை டைல்ஸ் சொரசொரப்பு வகை, அடர் சாம்பல் நிறம். கண்புரை உள்ளவருக்கு வெள்ளைத் தரையில் வெள்ளைக் கோப்பை எங்கே முடிகிறது என்று தெரியாது. வாட்டம் ஐம்பதுக்கு ஒன்று, பின்மூலையை நோக்கி. தூர மூலையில் ஒரு வாளித் தண்ணீர் கொட்டிப் பார்த்ததில் கோப்பையைச் சுற்றித் தேங்கவில்லை.

விளக்குக்கு ஆளைப் பார்த்து எரியும் சென்சார் போடலாம் என்றார் எலக்ட்ரீஷியன். அசையாமல் உட்கார்ந்திருப்பவரை அது ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடும். பெரியவர்களுக்கு நேரமாகும். சாதாரண சுவிட்ச்தான், ஒரு மீட்டர் உயரத்தில். அழைப்புமணிக் கயிறு தரையிலிருந்து ஒரு அடிக்குள் தொங்குகிறது. விழுந்து கிடப்பவர் இழுப்பதற்காக அது. மணி செருப்புக் காப்பகத்தில் ஒலிக்கும். புடவைத் தலைப்பும் அங்கவஸ்திரமும் மாட்ட 1200 மி.மீ. உயரத்தில் இரண்டு கொக்கி.

கால் கழுவுமிடம் தனியாகச் சொல்ல வேண்டியது. வெளியே வந்ததும் கால் கழுவாமல் யாரும் சன்னதிக்குப் போகமாட்டார்கள். குழாயடியில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை நீட்டும்போதுதான் விழுகிறார்கள். இருக்கை உயரத்தில் ஒரு கல் பெஞ்சு, அதன் எதிரே தாழ்வாக நெம்புகோல் குழாய், பக்கத்தில் கைப்பிடி. உட்கார்ந்தே கழுவலாம். பொதுச் செருப்பு வைக்கவில்லை. அடுத்தவர் அளவுச் செருப்பு நனைந்த காலில் நழுவும்.

பழைய கழிப்பறையை இடிக்கவில்லை. குந்தி உட்கார்ந்தே பழகியவர்கள் நிறையப் பேர். படிகளுக்கு இருபுறமும் கைப்பிடியும், ஒவ்வொரு அறையிலும் முன்சுவரில் ஒரு நிற்கும் கம்பியும் சேர்த்தாயிற்று.

பராமரிப்பு

இப்படிக் கட்டிய அறைகள் பல இடங்களில் ஓராண்டுக்குள் பூட்டிக் கிடக்கும், அல்லது விளக்குமாறும் பினாயில் கேனும் உடைந்த நாற்காலியும் அங்கேதான் இருக்கும். அறை பெரியது, ஆள் நடமாட்டம் குறைவு. சாமான் வைக்க அதைவிட வசதி எது? அதனால் துப்புரவுச் சாமானுக்குப் பின்புறம் தனி அலமாரி கட்டியிருக்கிறோம். கதவில் வெளிப்பூட்டுக்குக் கொண்டியே இல்லை. நடை திறந்திருக்கும் நேரமெல்லாம் அறையும் திறந்திருக்கும். “சாவி யாரிடம்” என்று கேட்டு அலைவதற்குள் முதியவருக்கு அவசரம் முடிந்துவிடும்.

முதலில் தளர்வது சீட்டின் கீல். நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து உட்காரும்போது முழு எடையும் அதை ஒருபக்கம் தள்ளுகிறது. பிளாஸ்டிக் கீலை மாற்றி ஸ்டீல் கீலும் ரப்பர் வாஷரும் போட்டிருக்கிறது. இருந்தாலும் வாரம் ஒருமுறை அடியிலுள்ள நட்டைக் கையால் முறுக்கிப் பார்க்க வேண்டும். அதே நாளில் கம்பிகளை அசைத்துப் பார்ப்பது, மணியை அடித்துப் பார்ப்பது. துடைக்க இடைஞ்சல் என்று மணிக் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டிவிடுவார்கள், கட்டினால் அவிழ்த்துவிடுங்கள்.

ஆசிட் வேண்டாம். ஸ்டீல் கறுக்கும், டைல்ஸ் இடுக்கு அரிக்கும். ஆசிட் ஊற்றிய இடத்தில் ப்ளீச்சிங் பவுடர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த அறையில் அது உயிருக்கு ஆபத்து. சோப்பு நீரும் பிரஷ்ஷும் போதும். கழுவியதும் வைப்பரால் வழித்து, துணியால் ஒற்றிய பிறகே திறக்க வேண்டும். பார்வைக்குக் காய்ந்தது போதாது, கால் வைத்துப் பார்க்க வேண்டும். செப்டிக் டேங்கை லாரி வைத்து மட்டுமே உறிஞ்ச வேண்டும். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பாக்கி

மகாமண்டபத்திலிருந்து கழிப்பறை வரை வழிகாட்டிப் பலகைகள் மூன்று வர வேண்டும்; எழுத்து பெரிதாக, படத்தோடு. வழியில் பாதித் தூரத்தில் உட்கார்ந்து போக ஒரு பெஞ்சு தேவை, உபயதாரர் இருந்தால் சொல்லவும். பெயர்ப் பலகை உண்டு, ஆனால் பெஞ்சின் முதுகில்தான், இருக்கையில் அல்ல. பொறித்த எழுத்தில் தண்ணீர் நிற்கும். தேரோட்ட நாளில் தேர்முட்டிப் பக்கம் வடம் இழுக்கும் கூட்டம் நிற்பதால் சாய்தளத்தின் அடியில் யாரும் நிற்காதபடி கயிறு கட்டித் தொண்டர் இருவரை நிறுத்த வேண்டும்; பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் கொடுக்கலாம். ஒப்பந்தக்காரருக்கு நிறுத்திவைத்த தொகை அடுத்த மழைக்காலம் கழிந்து, சேம்பரும் வாட்டமும் பார்த்த பிறகே விடுவிக்கப்படும்.

இங்ஙனம்
திருப்பணிக் குழு